றெம்பிரான்ட் வேலணைக்கு வரவில்லை

1632ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் இரண்டு ஆண்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஒருவர் வளர்ந்து யொஹான்னஸ் வெர்மீர் ஆனார். யன்னலோரம் நின்று பால் வார்க்கும் வேலைக்காரியைக் கீறி, ஒரு மனிசியின் முன்கைக்கு எவ்வளவு பாரம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டினார். மற்றவர் வளர்ந்து பிலிப்பஸ் பல்தேயஸ் ஆனார். பிரசங்கம் செய்தார். இந்த இரண்டு பேரில் ஒருவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்று மேலே முடிவானபோது பாதிரியாருக்குத்தான் கப்பல் ரிக்கற் கிடைத்தது. வாயால் வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் பஞ்சமில்லை, பின்னும் பஞ்சமில்லை. கீறத் தெரிந்தவரை அனுப்பியிருக்கலாம்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடுங்கிய ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். அனலைதீவு றொட்டர்டாம். புங்குடுதீவு மிடெல்பேர்க். ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கிற தீவு லைடன். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசி மூன்றையும் இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். லைடன், 1606இல் றெம்பிரான்ட் பிறந்த ஊர். ஹார்லெம், பிரான்ஸ் ஹால்ஸ் வாழ்ந்து மடிந்த ஊர். டெல்ஃப்ட், மேலே சொன்ன வெர்மீரின் ஊர். மனிதனை மனிதனாகக் கீறத் தெரிந்த அந்த நூற்றாண்டின் மூன்று பெரிய கைகளின் விலாசத்தை எங்கள் மூன்று தீவுகளில் எழுதி ஒட்டிவிட்டு, ஒரு கரித்துண்டைக்கூட அவர்கள் இறக்கவில்லை. பெயர்ப்பலகை வந்தது, கடை வரவில்லை. வரி வந்தது, தோம்பு வந்தது, நெடுந்தீவுக்குக் குதிரை வந்தது. றெம்பிரான்ட் வேலணைக்கு வரவில்லை.

உடற்கூறு பற்றி அவர்கள் இங்கே காட்டிய ஒரே கற்பனை, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டைக்குப் பெயர் வைத்ததுதான். இலங்கைப் படத்தை விரித்துப் பார்த்தவர்களுக்கு அது உப்பிட்டுத் தொங்கவிட்ட பன்றித்தொடையாகத் தெரிந்ததாம். தொடை இலங்கை என்றால் குதிக்கால் இந்தக் கோட்டை. இந்தியப் பெருங்கடலின் முத்து என்று நாங்கள் பாடிக்கொண்டிருந்த பொருளைப் பார்த்து அவர்களுக்குப் பசி எடுத்திருக்கிறது. இப்போது அந்தக் குதிக்காலில் கடற்படை விடுதி நடத்துகிறது. காசு இருந்தால் இரவு தங்கலாம்.

ஆனாலும் பாதிரியாரை லேசாக விட்டுவிட முடியாது. இந்தப் பக்கம் கால் வைத்த ஒருவர் அச்சில் ஏற்றிய பழைய சூப்பர்ஹீரோ படக்கதை அவருடையதுதான். அதுவும் களவெடுத்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் ஒரு பகுதி முழுக்கக் கீழைத்தேயத்து அஞ்ஞானிகளின் விக்கிரக வணக்கத்தைப் பற்றியது. விஷ்ணுவின் பத்து அவதாரங்களும் அங்கே செப்புத்தகட்டில் செதுக்கிய படங்களோடு வருகின்றன. பத்து அவதாரம் என்றால் என்ன? ஒரே நாயகன், பத்து உடுப்பு. ஒருமுறை மீன், ஒருமுறை ஆமை, ஒருமுறை பன்றி முகம், ஒருமுறை சிங்க முகம், ஒருமுறை குள்ளன், ஒருமுறை கையில் கோடரி. உலகம் கெடும்போதெல்லாம் அடுத்த இதழ் வரும். கடைசி இதழில் வெள்ளைக்குதிரை. அது இன்னும் வெளியாகவில்லை. நியூயோர்க்காரர் இந்த வியாபாரத்தைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டரை நூற்றாண்டு கிடந்தது. திட்டுவதற்காக எழுதிய புத்தகம்தான். திட்டுவதற்கும் ஆளின் படம் வேண்டுமே!

அந்த அவதாரக் கதைகளைப் பாதிரியார் எங்கிருந்து எடுத்தார் என்பதில்தான் கூத்து. பிலிப்ஸ் ஏஞ்சல் என்றொருவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியிலிருந்து, பெயரைச் சொல்லாமல், எடுத்துப் போட்டுவிட்டார். இந்த ஏஞ்சல் யார்? லைடன் நகரத்து ஓவியர். ஓவியக்கலையைப் புகழ்ந்து 1642இல் புத்தகம் போட்டவர். பிறகு ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி வேலையில் சேர்ந்து கிழக்கே வந்து, பாரசீகத்தில் ஷா இரண்டாம் அப்பாஸுக்கே படம் கீறப் பழக்கியவர். கம்பனிச் சம்பளத்தில் இருந்துகொண்டு சொந்த வியாபாரமும் பார்த்தார் என்ற குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டு பத்தாவியாவுக்குப் போய், அங்கே பெரிய அதிகாரி ஒருவருக்கு அவதாரக் கதைகளை எழுதிக் காணிக்கையாகக் கொடுத்தார். ஆக, லைடனில் கீறத் தெரிந்த ஒருவர் இருந்தார், கிழக்கே வரவும் செய்தார். ராசாவுக்கு ரியூசன் கொடுத்தாரே ஒழிய லைடன் தீவுப் பக்கம் தலைகாட்டவில்லை. கீறினவர் பாரசீகத்தில், பெயர் எடுத்தவர் யாழ்ப்பாணத்தில். படக்கதை உலகத்தில் இன்றுவரை நடக்கிற அநியாயமும் இதுதான். சூப்பர்மேனைப் பெற்ற சீகலும் ஷஸ்டரும் 130 டொலருக்கு அவனை எழுதிக் கொடுத்துவிட்டு, வாழ்நாளில் பாதியை வழக்கு மன்றத்தில் கழித்தார்கள்.

பல்தேயஸ் நயினாதீவில் கொஞ்சம் காது கொடுத்திருந்தால் பதினோராவது கதையும் கிடைத்திருக்கும். மணிமேகலை வந்து இறங்கிய மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது தீவாருடைய கட்சி. மறுக்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நயினாதீவில் நின்று மறுப்பதில்லை. சாத்தனார் எழுதிய அந்தக் கதையை ஒரு படக்கதை ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். புகார் நகரத்து இளவரசன் ஒருவன் பெண்ணைத் துரத்துகிறான். மணிமேகலா தெய்வம் அவளை மயக்கித் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே பறந்து வந்து, ஆளில்லாத தீவில் கிடத்திவிட்டுப் போகிறது. உலகத்திலேயே நித்திரையில் முதல் பறப்பை முடித்த நாயகி இவள்தான். விழித்தால் கடற்கரை. புத்தபீடிகையைக் காண்கிறாள், முற்பிறப்புத் தெரிகிறது. தெய்வம் திரும்பி வந்து மூன்று மந்திரம் கொடுக்கிறது: வானில் பறக்க ஒன்று, வேற்றுருக்கொள்ள ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. பிறகு கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் வந்து சேர்கிறது. பசியே இல்லாத ஒருத்தியின் கையில் முடியாத சோற்றுப் பாத்திரம். மார்வெல்காரருக்கு இப்படி ஒரு முரண் கிடைத்திருந்தால் ஏழு படம் எடுத்திருப்பார்கள்.

சூப்பர்மேன் 1938இல் பிறந்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. கட்டடத்துக்கு மேலாகப் பாய்வான், அவ்வளவுதான். மறுவேடம் என்றால் ஒரு மூக்குக்கண்ணாடி. கூட வேலை செய்யும் பெண்ணுக்கே வருடக்கணக்காக ஆள் பிடிபடவில்லை. சாத்தனார் அப்படி ஏமாற்றவில்லை. மணிமேகலை காயசண்டிகை என்ற வேறொருத்தியின் உருவில் திரிகிறாள். அப்போதும் இளவரசன் விடாமல் வருகிறான். காயசண்டிகையின் உண்மைப் புருசன் பார்க்கிறான், தன் பெண்சாதியோடு இவனுக்கு என்ன கதை என்று வாளை உருவுகிறான், இளவரசன் துண்டு. மறுவேடம் போட்டால் கொலைவழக்கு வரும் என்று அன்றைக்கே எழுதிவைத்த புலவர் அவர்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலோடு சேர்ந்த நாகம், கருடன் கதையும் படக்கதைக்கு வாகானது: வாயில் பூவோடு கடலில் நீந்திவரும் நாகம், மேலிருந்து பாயும் கருடன். 1620இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலை 1788இல் திரும்பக் கட்டினார்கள். கதை அதுவரையில் இடிபடாமலே இருந்தது. நெடுந்தீவுக்குப் போனால் வெடியரசன் இருக்கிறான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு கடலில் மோதியவன். கோட்டையென்று காட்டப்படுவது இப்போது கற்குவியல். நாயகர்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. அவர்களுடைய இடுப்பு எங்கே மடியும், தோள் எங்கே சரியும் என்று பார்த்துக் கீற ஒருவரும் இல்லை, அதுதான் குறை.

இடுப்பு என்றதும் நெடுந்தீவின் பெரிய காலடி ஞாபகம் வருகிறது. பவளக்கல்லில் பதிந்த பாதம். அனுமாருடையது என்று சொல்வார்கள். பக்தர் கும்பிடுவார், சுற்றுலாக்காரர் படம் எடுப்பார். கீறப் பழகுகிறவர் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். மனிதனுடைய உயரம் பாதத்தின் நீளத்தைப்போல் ஏறக்குறைய ஆறரை ஏழு மடங்கு. அப்படியென்றால் இவர் எவ்வளவு உயரம்? அடுத்தது, மற்றக் கால் எங்கே? ஒரு தடம்தான் ஆழமாக விழுந்திருக்கிறது என்றால் பாரம் முழுக்க அந்தக் காலில். பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பெலும்பு மேலே ஏறும், சமன் பிடிக்க அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும், முதுகுத்தண்டு வளையும். கோயில் சிற்பி இதைத் திரிபங்கம் என்று சாதாரணமாகச் செதுக்கிவிட்டுச் சாப்பிடப் போவான். எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளில் நின்ற நாயகர்களோ இரண்டு காலிலும் சரிபாதிப் பாரம் வைத்து, தேசிய கீதத்துக்கு எழும்பி நின்றார்கள். அந்த நிலையில் நிற்கிறவனால் வில்லனை அடிக்க முடியாது. இறைவணக்கம் சொல்லலாம்.

அந்தக் கொப்பிகளுக்கு மூலம் சிவகாசி. நாள்காட்டிச் சாமி, வெடி, படக்கதை மூன்றையும் ஒரே ஊரிலிருந்து உலகத்துக்கு அனுப்பிய புண்ணியபூமி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தார். ஆங்கிலேயரின் வேலியண்ட் இதழில் பத்து வருடம் முந்திப் பிறந்து, ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோவின் கையில் வளர்ந்தவர், சிவகாசியில் தமிழ் பழகினார். அப்போது இலங்கையில் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சி. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. ஆனால் கோடியக்கரைக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள கடல் சுங்கப் பகுதியைக் கேட்டு அலை அடிப்பதில்லை. பிறகு 1977இல் கதவும் திறந்தது. அட்டை கிழிந்து, பத்துக் கை மாறி, நடுப்பக்கம் போன பிரதிகளில்தான் தீவுப் பெடியள் உடற்கூறு படித்தார்கள்.

மாயாவிக்கு ஒரு விசேசம் உண்டு. மின்சாரம் உடம்பில் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். வலதுபக்க இரும்புக்கை மட்டும் தெரியும். கீறுகிறவனுக்கு இதைவிட வரம் வேண்டுமா? எங்களோடு படித்த ஒருவன் பரீட்சைத் தாளில் ஒரு கையை மட்டும் கீறிக் கொடுத்தான்.

"என்ன மோனை, உது ஆர்?"

"மாயாவி, சேர்."

"ஆளை எங்கை?"

"ஆள் மறைஞ்சிட்டார், சேர்."

"நல்லது. மாக்ஸும் மறைஞ்சிட்டுது."

வாத்தியார் சிரித்ததை நாங்கள் கண்டது அன்றைக்குத்தான். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு முழுப் புள்ளியும் போட்டிருக்கவேண்டும். மனித உடம்பில் ஆகக் கீறக் கடினமானது கைதான். நாடியிலிருந்து நெற்றிமயிர் தொடங்கும் இடம்வரை உங்கள் கையை வைத்துப் பாருங்கள். முகமும் கையும் ஒரே நீளம். புதிதாகக் கீறுகிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். நெஞ்சைப் பத்தாயமாகவும் கையைத் தேக்கரண்டியாகவும் கீறிவிட்டு, வெட்கத்தில் அந்தக் கையைப் போர்வைக்குள் ஒளிப்பார்கள். எங்கள் வகுப்பு நாயகர்கள் பாதிப்பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்னேரம் வளவுக்குள் உலாத்தும் ஓய்வுபெற்ற அதிபராக நின்றது அதனால்தான். இரும்புக்கை அந்த இக்கட்டைத் தீர்த்தது. இரும்பு என்றபடியால் ஒவ்வொரு விரற்கணுவும் ஒரு தனிப் பெட்டி, உள்ளங்கை ஒரு தட்டைப் பெட்டி, மணிக்கட்டு ஓர் உருளை. பெட்டி பெட்டியாகக் கட்டி, மேலே தோலைப் போர்த்துவதுதான் உருவம் கீறுவதன் அடிப்படை வேலை. ஆயிரம் ரூபாய் கட்டிப் படிக்கவேண்டிய பாடத்தை மாயாவி சும்மா சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கு எங்கள் ஊரில் இருந்த சங்கடம் வேறு. நெடுந்தீவில் மறைவதென்றால் மின்சாரத்துக்கு எங்கே போவது? அங்கே விளக்கு எரிந்தது மின்பிறப்பாக்கியின் தயவில். 2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப் போனார்கள். இந்தியா முகம் சுளித்தது. சீனர் விலகினார்கள், 2022இல் இந்தியாவின் மானியத்தில் என்று கையெழுத்து மாறியது. மாயாவியின் ஒரு மறைவுக்காக இரண்டு வல்லரசு முட்டிக்கொண்டதை எந்தப் படக்கதைக்காரரும் எழுதத் துணிந்திருக்கமாட்டார்.

பார்த்துக் கீறுவது களவு என்று எங்கள் வாத்தியார்மார் அடிப்பார்கள். அவர்களுக்கு யாராவது றெம்பிரான்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். 1650களின் கடைசியில், பெயரும் புகழும் வந்து, கடனும் முற்றிய வயதில், அந்த மனிசன் முகலாயச் சிற்றோவியங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீறினார். ஷாஜகான், ஜகாங்கீர், அரசவைக்காரர், மரத்தடியில் இருக்கும் பெரியவர்கள். இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. எங்கள் பெடியள் மாயாவியைப் பார்த்துக் கீறியதற்கும் அதற்கும் வித்தியாசம், றெம்பிரான்ட் அதற்கு முன்னமே உடம்பைத் திறந்து பார்த்திருந்தார் என்பதுதான். வெர்மீரும் பாதிரியாரும் பிறந்த அதே 1632இல் அவர் கீறிய படத்தில், தூக்கில் தொங்கிய திருடன் ஒருவனின் முன்கையை வைத்தியர் துல்ப் வெட்டி, விரல்களை இழுக்கும் தசைநாரைக் குறட்டில் பிடித்துக் காட்டுகிறார். சுற்றி நிற்கிறவர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார்கள். இரும்புக்கையின் உட்பக்கம் அது.

மார்வெல்காரர்களும் இரகசியத்தை மறைக்கவில்லை. ஸ்டான் லீயும் ஜோன் புசேமாவும் 1978இல் போட்ட பாடப்புத்தகம் நாயகனுக்கு எட்டேமுக்கால் தலை உயரம் கொடு என்கிறது. சாதாரண மனிதன் ஏழரைத் தலை. ஒன்றேகால் தலையை எங்கே ஒளிப்பது என்றால், பெரும்பாலும் காலில். எங்கள் சிற்ப சாத்திரத்தில் விஷ்ணுவுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். பத்து எட்டேமுக்காலைவிடப் பெரிது என்று உடனே மார்தட்டக்கூடாது. தாலம் என்பது முகத்தின் அளவு, நெற்றிமயிரிலிருந்து நாடிவரை. உச்சந்தலை அதில் சேராது. தலைக் கணக்குக்கு மாற்றினால் பத்து நன்றாகக் குறைந்து, எங்கள் சாமிகள் கிட்டத்தட்ட மனித அளவுக்கு இறங்கிவிடுகிறார்கள். தேவலோகத்திலிருந்து வந்தவர் அடக்கமாக நிற்க, நியூயோர்க்கில் பத்திரிகைக்குப் படம் எடுத்துப் பிழைக்கிற பொடியன் கால் நீண்டு திரிகிறான்.

தசை எங்கே, எலும்பு எங்கே என்று தெரிய லைடன் பல்கலைக்கழகத்து உடற்கூற்று மண்டபம் தேவையில்லை. குறிகட்டுவான் துறைமுகத்தில் ஒரு காலை நேரம் கொப்பியோடு இருந்தால் போதும். துறையிலிருந்து வள்ளத்துக்குக் கால் வைக்கும் அம்மாவைப் பாருங்கள்: ஒரு கால் புங்குடுதீவில், ஒரு கால் கடலில், ஒரு கையில் பை, மற்றக் கையில் பேரன். சிலந்தி மனிதன் கட்டடத்தில் நிற்பதைவிட ஆபத்தான நிலை அது. அதைக் கீறி முடிக்க உங்களுக்கு இரண்டு செக்கன்தான் கிடைக்கும். முகம், விரல், பொத்தான் ஒன்றும் வேண்டாம். தலையிலிருந்து ஊன்றிய குதிக்கால்வரை ஒரு வளைகோடு, தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. ஆள் விழுவாளா நிற்பாளா என்பது அந்த மூன்றில் இருக்கிறது. சீமெந்துப் பையை முதுகில் ஏற்றுகிறவனின் கழுத்து தோளுக்குள் எப்படி இறங்குகிறது, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும் நாலுபேரில் கடைசி ஆள் எப்படி இழுப்பதாக நடிக்கிறான், எல்லாம் கோட்டில் வரும். பனையில் ஏறுகிறவரின் முதுகைப் பார்த்தவனுக்கு அமெரிக்க நாயகனின் முதுகு புதிதாகத் தெரியாது. உடுப்பும் அதிகம் வேறில்லை. கோவணத்துக்கு உள்ளே நீலக் காற்சட்டை ஒன்று போட்டுவிட்டால் சூப்பர்மேன் தயார்.

யாழ்ப்பாணத்தில் இதைத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. எஸ். ஆர். கனகசபை போன்றவர்கள் 1938இல் வின்சர் சித்திரக் கழகம் என்று கூடினார்கள். குருநகரில் பிறந்த மாற்கு மாஸ்டர் 2000இல் கண்மூடும்வரை பிள்ளைகளுக்குக் கோட்டைப் பழக்கினார். ஆனால் எங்கள் படக்கதை நாயகர்கள் என்று ஊர் முழுக்க அறிந்தவர்களைக் கேட்டால் சிரித்திரன் சஞ்சிகை நடத்திய சுந்தரின் சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மைனர் மச்சானும்தான் வருவார்கள். சுந்தர் என்கிற கரவெட்டிக்காரரான சிவஞானசுந்தரம் பம்பாய்க்குப் படிக்கப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தவர். அவருடைய ஆட்களுக்குப் பறக்கத் தெரியாது, மறையத் தெரியாது, இரும்பில் ஓர் உறுப்பும் கிடையாது. கதைக்க மட்டும் தெரியும். பல்தேயஸ் வந்து போன மண்ணல்லவா!

இப்போதைய பிள்ளைகள் கைப்பேசியில் கீறுகிறார்கள். அண்மையில் ஒருத்தி நெடுந்தீவுக்கென்று ஒரு நாயகனைப் படைத்தாள். எட்டேமுக்கால் தலை, சரியான தோள், பெட்டி பெட்டியாகக் கட்டிய கை, வெள்ளைக்குதிரையில் ஏறிப் பாய்கிறான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர: நெடுந்தீவுக் குதிரை மட்டக்குதிரை. அளவு பிசகாமல் கீறியபடியால் நாயகனின் இரண்டு காலும் நிலத்தில் இழுபட்டன. குதிரையைப் பெருப்பித்தால் அது நெடுந்தீவுக் குதிரை இல்லை. நாயகனைச் சுருக்கினால் மார்வெல் கணக்குப் பிழைக்கும். அவள் யோசித்துவிட்டு ஆளை இறக்கி, ஒரு கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்து, குதிரைக்குப் பக்கத்தில் நடக்கவிட்டாள். கோடையில் அந்தக் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகிறது செய்தியில் வருகிறதுதானே. வாளி தூக்கிய பக்கத்துத் தோள் சரியாகக் கீழே இறங்கியிருந்தது.

"அப்ப குதிரையில ஏறாத ஆளுக்கு ஏன் பிள்ளை குதிரை?"

"தண்ணி ஆருக்கெண்டு தெரிய வேணாமே? பேந்து உங்களுக்கெண்டு நினைப்பியள்."